ஒரு பழத்தின் தமிழ்ப் பெயர்

“ஆறு மாசமா ஒரு திராட்சைப் பழத்தை என் கண்ணுல காட்டல சார் இந்தம்மா. மொதல்ல அதுக்கு ஒரு மாத்திரை கண்டுபிடிக்கச் சொல்லுங்க உங்க டாக்டர.” வார்த்தைக்கு வார்த்தை இப்படியே சொன்னார் என் வீட்டுக்காரர், என் காதுபடவே, அவர் விரலில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் மகிழ்நனிடம். நான் என்னமோ ஒரு திராட்சைத் தோட்டத்தையே வளைத்துப் போட்டு இவருக்குத் தராமல் தின்கிறவள் மாதிரி. நான் சும்மா இருப்பேனா. காலையில் நாலு ரோட்டில் தள்ளுவண்டிக் கறுப்புத் திராட்சையைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி நின்றவரை சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்திருக்கிறேன், அந்த எரிச்சலே இன்னும் ஆறவில்லை. நுரையீரல் வேணுமா திராட்சை வேணுமா, ஒண்ணைச் சொல்லுங்க என்றேன். ரெண்டும்தான் என்றார். அப்படின்னா ஃபாரத்துல கையெழுத்து போட்டிருக்கக் கூடாது, போட்டாச்சு, வாயை மூடிக்கிட்டு நடங்க என்றேன். மகிழ்நன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து இவருடைய ஷூ லேஸைச் சரிபார்த்தார். பத்து நிமிஷத்துக்கு முந்திவரை நான் அப்படிப் பேசக்கூடிய ஆளாக இருந்தேன். அப்புறம்தான் பெனாசிர் வந்தாள், இந்த மருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற பெண், எப்போதும் ஓட்டமும் நடையுமாக. சம்மதப் படிவம் புதுசா வந்திருக்கு மேடம், கொஞ்சம் மாத்தியிருக்காங்க, சார் நடந்து முடிக்கறதுக்குள்ள படிச்சு சாட்சிக் கையெழுத்து போட்டு வைங்க என்று மடியில் வைத்துவிட்டுப் போனாள். நாலாம் பக்கத்தில் ஒரு படம். பெரிய பழம், பாதியாக வெட்டினது, தடித் தோல், உள்ளே வெளிறின சிவப்பில் சுளை சுளையாக. கீழே எழுதியிருக்கிறது, கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் மற்றும் இவ்வகைப் பழங்களை இம்மருந்து உட்கொள்ளும் காலத்தில் கண்டிப்பாகத் தவிர்க்கவும். பம்பளிமாஸ். நான் இரண்டு தடவை படித்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். திராட்சை என்று எங்குமே இல்லை.

ஆரம்பிக்கலாம் சார் என்றார் மகிழ்நன், இவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆறு நிமிஷம். முப்பது மீட்டர் வராந்தா, இந்தக் கோடியில் ஒரு ஆரஞ்சு கூம்பு, அந்தக் கோடியில் ஒன்று, ரோடு போடுகிற இடத்தில் வைப்பார்களே அது. ஓடக் கூடாது, முடிந்த மட்டும் வேகமாகப் போய்ப் போய்த் திரும்ப வேண்டும், நடுவில் யாரும் அவரோடு பேசக் கூடாது. நிமிஷத்துக்கு ஒரு முறை அட்டையில் இருக்கும் வாக்கியத்தை மகிழ்நன் சொல்வார், அதுவும் ஒரே குரலில், ஒருத்தருக்குக் கூட உற்சாகம் கூடுதலாகப் போய்விடக் கூடாதாம். கூட வந்தவர்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கலாம். ஆறு நிமிஷம் நீ வாயைத் திறக்கக் கூடாது என்று உலகத்திலேயே சட்டம் போட்டது இந்த மருந்துக் கம்பெனி மட்டும்தான் என்று போன தடவை இவர் சொன்னார். நில அளவைத் துறையில் முப்பத்து நாலு வருஷம், சேலம் ஜில்லாவில் பாதியைச் சங்கிலி போட்டு அளந்த மனுஷன், இப்போது இவரை அளக்கிறார்கள். முதல் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். போன மாசம் முந்நூற்று ஐம்பத்தெட்டு. நாற்பத்தாறு மீட்டர் கூட வந்திருக்குடி சாரு, ரெண்டு மனைக்கட்டு நீளம் என்று பஸ்ஸில் மெதுவாகச் சொன்னார், ரொம்ப நாளைக்குப் பிறகு டி போட்டு. நுரையீரலில் தழும்பு விழுந்துகொண்டே போகிற வியாதி. ஏன் என்று கேட்டால் இடியோபதிக் என்கிறார் டாக்டர், காரணம் தெரியாததற்கும் இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு நொதி இருக்கிறதாம், காயமே இல்லாத இடத்தில் ஓயாமல் தையல் போட்டுக்கொண்டிருக்கும் தையல்காரி மாதிரி. இந்த மருந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளும். பெயர்கூட இன்னும் வைக்கவில்லை, எச் இருநூற்றுப் பத்தொன்பது, அவ்வளவுதான். படிவத்தில் நொதி தடுப்பான் என்று போட்டிருந்தது. நொதி என்றால் எனக்குத் தெரிந்தது மாவு பொங்குவது மட்டும். தடுப்பான் என்றதும் இவர் டாக்டரிடம், வீட்ல ஏற்கெனவே ஒரு தடுப்பான் இருக்கு டாக்டர், இருபத்தெட்டு வருஷமா எதையும் விடல என்றார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டோம்.

நல்லா போறீங்க சார், இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. அதோ அந்தக் கூம்பில் திரும்புகிறார், வலது தோளைச் சாய்த்து, சங்கிலி இழுக்கிற பழக்கம். அன்றைக்கு, முதல் கையெழுத்து அன்றைக்கு, இதே பெனாசிர் பழைய படிவத்தை வாய்விட்டுப் படித்தாள், படித்துக் காட்ட வேண்டும் என்று விதி. கிரேப்ஃப்ரூட் சாப்பிடக் கூடாது என்று தமிழ் எழுத்தில் இருந்தது. அவள் நிறுத்தினாள். இது என்னன்னு எனக்கும் சரியாத் தெரியல மேடம், டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன் என்று எழுந்தாள். எழுந்தாளே. வாசல்வரை போனாளே. நான் என்ன செய்தேன். ஏம்மா, இதுக்கெல்லாமா டாக்டர், கிரேப்னா திராட்சை, ஃப்ரூட்னா பழம், திராட்சைப்பழம், எழுதிக்கோ என்றேன். மணி பன்னிரண்டரை, வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது, எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. என் குரல் அப்படி, கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வராது. கான்வென்டில் மூன்று வருஷம் தொடர்ந்து இங்கிலீஷ் பேச்சுக்கு எலொகியூஷன் கப் வாங்கின குரல். அந்தப் பெண் உட்கார்ந்து, படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் திராட்சைப்பழம் என்று எழுதிக்கொண்டாள், தேங்ஸ் மேடம் என்று வேறு சொன்னாள். சிஸ்டர் லியோனி கரும்பலகையில் பைனாப்பிள் என்று எழுதி, இதில் பைனும் இல்லை, ஆப்பிளும் இல்லை, ஆகவே பிள்ளைகளே, இங்கிலீஷ் வார்த்தையைப் பாதியாக வெட்டிப் பொருள் சொல்லாதீர்கள் என்று சொன்னது ஏழாம் வகுப்பில். நான் முதல் பெஞ்ச். மற்றவர்கள் தப்பாகச் சொன்னபோது திரும்பிப் பார்த்துச் சிரித்தவள் நான்தான். அந்தப் பென்சில் எழுத்து இந்த ஓரத்தோடு நின்றிருக்குமா. இங்கே இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் பதினோரு பேர் என்று பெனாசிர் சொல்லியிருக்கிறாள். பதினோரு பேரிடமும் திராட்சை கூடாது என்று சொல்லியிருப்பாள், என் குரலில் சொல்லியிருப்பாள். அதில் யாராவது பம்பளிமாஸ் விளைகிற ஏற்காட்டுக்காரராக இருந்தால். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே.

திராட்சை இல்லை என்றானதும் முகம் சின்னதாகிவிட்டது இவருக்கு. பழம் என்றால் உயிர். அதனால்தான், அதனாலேதான், ஏற்காட்டிலிருந்து பம்பளிமாஸ் கொண்டுவந்து விற்கிற ஒருவரைப் பிடித்து வாரத்துக்கு ஏழு எடுத்து வைக்கச் சொன்னேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தட்டு, ஒரு கத்தி, உப்பும் மிளகாய்த்தூளும். அந்தப் பழத்தை உரிப்பது சாமானியமில்லை. தோலை நாலாகக் கீறி, வெள்ளைப் பஞ்சை எடுத்து, ஒவ்வொரு சுளைக்கும் மேல்தோலை நீக்கினால்தான் கசக்காது. அரை மணி ஆகும். அந்த அரை மணி அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். இருமல் வந்ததிலிருந்து ஹாலில்தான் படுக்கிறார், உன் தூக்கம் கெடும் என்று, நானும் இரண்டு நாள் மறுத்தேன், மூன்றாம் நாள் மறுக்கவில்லை. பகலில் அவருக்கு டிவி, எனக்கு அடுக்களை. சிந்துஜா பூனாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், அப்பா எப்படி இருக்கார், மாத்திரை ஒழுங்கா போடறாரா, நீ எப்படி இருக்கேன்னு கேட்பதற்குள் அங்கே யாராவது அழைப்புமணி அடித்துவிடுவார்கள். பேசினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் பேசுவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். பேச எதுவும் இல்லாததால் பேசுவதில்லை என்பது அவருடைய எண்ணமோ என்னவோ, கேட்டதில்லை. ஆனால் பழம் உரிக்கிற அந்த அரை மணி மட்டும் பேசுவார். ஓமலூர்ப் பக்கம் ஒரு வரப்புச் சண்டையில் இரண்டு பேரும் இவர் கையைப் பிடித்து இழுத்தது, சிந்துஜாவைக் கன்னத்துக்காகப் பம்ளிமாஸ் என்று கூப்பிட்டு அவள் ஸ்கூல் வேனில் அழுதது. நான் சுளையை உதிராமல் எடுத்துத் தட்டில் அடுக்குவேன். உதிராமல் எடுப்பதில் எனக்கு ஒரு பெருமை. இருபத்தெட்டு வருஷத்தில் நான் இவருக்கு எதையும் இவ்வளவு பொறுமையாகச் செய்து கொடுத்ததில்லை, பொறுமையில்லாதவள் பொறுமையாகச் செய்த ஒன்றே ஒன்று. அதைத்தான் படம் போட்டு நாலாம் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் மூணு நிமிஷம் சார், பாதி முடிஞ்சுது. உதடு லேசாக நீலம் பாய்ந்திருக்கிறதா, இல்லை இந்த டியூப்லைட் வெளிச்சமா. என் பக்கம் வருகிறபோது என்னைப் பார்க்கவில்லை, கூம்பைப் பார்க்கிறார். படத்துக்குக் கீழே காரணமும் எழுதியிருக்கிறது, இந்தத் தடவை நல்ல தமிழில், யாரோ புத்தியுள்ளவர்கள் எழுதியது. வயிற்றுக்குள் போன மருந்தை உடைத்து அளவாக வெளியேற்ற ஒரு நொதி இருக்கிறது, இந்தப் பழம் அந்த நொதியைத் தடுத்துவிடும், அதனால் மருந்து வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும், கல்லீரலைப் பாதிக்கலாம். ஆக இவருக்குள் இரண்டு தடுப்பான். ஒன்றை டாக்டர் கொடுத்தார், இன்னொன்றை நான் உப்புப் போட்டுக் கொடுத்தேன். போன மாச ரத்தத்தில் கல்லீரல் எண் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு என்றாள் பெனாசிர். குடிப்பாரா மேடம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். குடியா, இந்த மனுஷனா, பானகம் குடித்தாலே யாரிடமாவது அனுமதி கேட்பார் என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். இன்றைக்கு எடுத்த ரத்தத்திலும் இறங்காவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களாம். நிறுத்திட்டா மறுபடி ஆரம்பிக்க மாட்டாங்க மேடம், விதி அப்படி. அதை அவள் இவரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். நானும் இவரிடம் சொல்லவில்லை. இப்போது சொன்னால் என்ன ஆகும். விதியை மீறினவர் என்று இன்றைக்கே வெளியே அனுப்புவார்களா. அல்லது பழத்தை நிறுத்தினால் போதும், மாத்திரை இருக்கட்டும் என்பார்களா. சொல்லாமல் இருந்தால்? இன்றிலிருந்து பழம் கிடையாது, எண் தானாக இறங்கும், யாருக்கும் தெரியாது, படிவத்தில் கையெழுத்து, வீட்டுக்குப் போய் சாம்பார். ஆனால் இன்றைய ரத்தம் காலையிலேயே போய்விட்டது, நேற்றைய பழத்தோடு. அந்தக் குழாயைத் திரும்ப வாங்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்றார்கள். மாவாக இருந்தால் பழம் அதை என்ன செய்திருக்கும். எண் ஏறியிருக்காது. அப்படியானால் இவருக்குக் கிடைத்தது நிஜம். டாக்டருக்குத் தெரியாதது, கம்பெனி பூட்டி வைத்திருப்பது, இந்த வராந்தாவில் என் ஒருத்திக்கு மட்டும் தெரியும், அதுவும் என் தப்பினாலேயே தெரியும். சந்தோஷப்படுவதா. அந்த நாற்பத்தாறு மீட்டரும் என் பழத்தால் இரண்டு மடங்காய்த் தேங்கின மருந்து தந்ததாக இருந்தால். சரியான அளவில் அது ஒன்றுமே செய்யாதென்றால். யாரிடம் கேட்பது இதை. பூனாவுக்குப் போன் போட்டா.

இன்னும் ரெண்டு நிமிஷம். நடை குறைந்திருக்கிறது. இடது கை சுவர்ப் பக்கமாகப் போகிறது, தொடவில்லை, தொட்டால் குறித்துக்கொள்வார்கள் என்று தெரிந்து தொடவில்லை. முதல் நாளில் டாக்டரிடம் கேட்டேன், வேற எதுக்கெல்லாம் இந்த மாத்திரை ஆகும் என்று, மளிகைக் கடையில் கேட்பது மாதிரி. அவர் பாவம், பொறுமையாகச் சொன்னார். முதலில் மூட்டு வலிக்கென்று செய்தார்களாம், அதற்கு உதவவில்லை. நுரையீரலில் பலித்தால், கல்லீரல் இறுகிப்போனவர்களுக்குப் பார்க்கலாம், சிறுநீரகம் சுருங்குகிறவர்களுக்குப் பார்க்கலாம், தீக்காயத் தழும்பு இழுத்துப் பிடித்துக் கழுத்தைத் திருப்ப முடியாதவர்களுக்குக்கூட. எல்லாம் பார்க்கலாம்தான் அம்மா, இதுவரை எதுவும் நிச்சயமில்லை என்றார். எனக்கு எதிர்வீட்டுத் திலகம் ஞாபகம் வந்தாள், ஸ்டவ் வெடித்ததிலிருந்து முகவாயைத் தோளோடு சேர்த்து வைத்துக்கொண்டே நடக்கிறவள், கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவாள். அவளிடம் போய்ச் சொன்னேன், ஒரு மருந்து வருது திலகம், எங்க வீட்டுக்காரருக்குத்தான் முதல்ல குடுக்கறாங்க என்று. பீற்றிக்கொண்டேன். இப்போது இங்கே ஒரு காகிதத்தில் எழுதப் போகிறார்கள், இருநூற்றுப் பத்தொன்பது கல்லீரலைக் கெடுக்கிறது, சேலத்தில் ஒருவருக்கு மூன்று மடங்கு. நான் எழுத வைத்த பென்சில் எழுத்துப் போய்ச் சேர்ந்த இன்னும் யாருக்காவது இரண்டு மடங்கு. அதைக் கூட்டி எங்கோ ஒரு ஊரில் ஒரு மேஜையில் வைப்பார்கள், ஆபத்தான மருந்து என்று மூடி வைத்துவிடுவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கு ஏற்காடும் தெரியாது, பம்பளிமாஸும் தெரியாது, எலொகியூஷன் கப் வாங்கின ஒருத்தி அரிசி ஊறுகிறது என்று அவசரப்பட்டதும் தெரியாது. மருந்து என்ன செய்யும், அதற்கு வாயா இருக்கிறது, நான் இல்லை இவள்தான் என்று சொல்ல.

இன்னும் ஒரு நிமிஷம் சார். பேனா மூடியைக் கழற்றியிருக்கிறேன், எப்போது கழற்றினேன் தெரியவில்லை, விரலில் மை. சாட்சியின் கையொப்பம் என்ற இடம் காலியாக இருக்கிறது. சாட்சி. இந்த வார்த்தையைப் போய் எனக்கு வைத்தார்கள். இவர் என்ன சொல்வார், அதுதான் எனக்கு உண்மையில் பயம், மருந்து, கல்லீரல் எல்லாம் அப்புறம்தான், வெட்கமில்லாமல் சொன்னால் அதுதான். கல்யாணமான புதிதில் என் இங்கிலீஷைக் கேட்டு இவர் பயந்தார், தன் ஆபீஸ் கடிதத்தைக்கூட என்னிடம் காட்டித்தான் அனுப்புவார். ஒவ்வொரு தப்புக்கும் நான் சிவப்பு மையால் வட்டம் போட்டேன், சிரித்துக்கொண்டு. கோபப்பட மாட்டார். அதுதான் கஷ்டம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சரி விடு என்பார். நாளை ஐந்து மணிக்கு உரிக்க ஒன்றும் இருக்காது, எதிரில் உட்கார அவருக்குக் காரணமும் இருக்காது, நான் ஒரு ஆப்பிளை நறுக்கினால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

நில்லுங்க சார், அங்கேயே நில்லுங்க. நின்ற இடத்தில் தரையில் ஒரு டேப்பை ஒட்டினார் மகிழ்நன். என் நாற்காலியிலிருந்து ரொம்ப தூரத்தில், வராந்தாவின் முக்கால் பாகத்தில், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்கிறார் இவர். நாற்காலியை நானே இழுத்துக்கொண்டு போனேன், வராந்தா முழுக்கக் கிறீச்சிட்டது. உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாயால் மூச்சு விடுகிறார், விரல் கிளிப்பில் ஆக்சிஜன் எண் எண்பத்தேழு, எண்பத்தாறு. ஒரு நிமிஷம் பேசாதீங்கம்மா, எண் ஏறட்டும் என்று சொல்லிவிட்டு மகிழ்நன் மீதி மீட்டரை அளக்க உருளையைத் தள்ளிக்கொண்டு கூம்புப் பக்கம் போனார். பெனாசிர் வந்துவிட்டாள். கையெழுத்து போட்டீங்களா மேடம்.

“இந்தப் படத்துல இருக்கற பழத்த ஆறு மாசமா தினமும் இவருக்கு உரிச்சுக் குடுத்தேன். நேத்தும் குடுத்தேன். திராட்சைன்னு உனக்குச் சொன்னதும் நான்தான்.”

என் குரல்தான், அந்தக் கப் வாங்கின குரல், கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி. பெனாசிர் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டுக்குள்ளேயே ஏதோ எண்ணினாள், பதினோரு பெயர்களாக இருக்கும். நான்தானே எல்லாருக்கும் சொன்னேன் என்று மெதுவாகச் சொன்னாள், என்னிடம் இல்லை. படிவத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நடக்காமல், ஓடியே போனாள். இவர் கண்ணைத் திறக்கவில்லை. கேட்டதா என்று தெரியவில்லை. நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நிற்கிறது, துடைக்கக் கை போனது, தொடலாமா என்று நின்றுவிட்டது. எண்பத்தெட்டு. நான் பெனாசிர் பின்னாலேயே போனேன், செருப்பில்லாமல், எப்போது கழற்றினேன். டாக்டர் அறைக் கதவு என் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது, உள்ளே நாற்காலி நகர்கிறது, போன் போடுகிறார்கள், அவள் இங்கிலீஷில் வேகமாகப் பேசுகிறாள், தப்பும் தவறுமாக, எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. கதவைத் தட்டினேன். மரத்தோடு வாயை வைத்துச் சொன்னேன்.

“தப்பு என்னோடது, மருந்தோடது இல்லன்னு எழுதுங்க. அத மட்டும் எழுதிடுங்கம்மா.”